'சோறுதான திங்கிறோம்' என்கிற சமாதானம்

விருதுநகர் பக்கத்தில் ஒருவர் தனக்குக் கோதுமை ஆகாது என்று சொன்னால் உடனே ஆறுதல் வந்துவிடும். "அது வடக்க இருக்கிறவங்களுக்கு வர்ற நோயில்ல? நாமதான் சோறு திங்கிற ஆளுக. இட்லி இருக்கு, தோசை இருக்கு. சப்பாத்திய விட்டுட்டாப் போதும்." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மருத்துவர்களில் சிலரும் உணவைப் பற்றி எழுதுகிறவர்களில் பலரும் இதையே கொஞ்சம் படித்த மொழியில் சொல்கிறார்கள். அரிசி உண்ணும் தென்னாட்டில் குளூட்டன் ஒவ்வாமை ஒரு பிரச்சினையே அல்ல என்பது ஊரே ஒப்புக்கொண்ட கருத்தாகிவிட்டது. அது தவறான கருத்து. அந்த நோயோடு இங்கே வாழ்கிறவர்களை நோயைவிட அதிகமாக வதைப்பதும் இந்தக் கருத்துதான். அந்த நோயுள்ள என் அக்கா மகளுக்குச் சமைத்துப் போடுகிற வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். புரோட்டா மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவை குளூட்டன் கொடுப்பது. சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால் அவர்களுடைய உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகும். இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் எதுவும் உடம்பில் ஒட்டாது. சிலருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும். சிலருக்கு அதுகூட இருக்காது. சோகை, வாய்ப்புண், எலும்புத் தேய்மானம், வளராத பிள்ளை, தங்காத கர்ப்பம் என்று வேறு முகங்களில் வரும். இதற்கு மருந்து கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டனை விலக்குவதுதான் சிகிச்சை. கோதுமை அலர்ஜி என்பது வேறு நோய். சீலியாக் இல்லாமலே கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்பி அவதிப்படுகிறவர்களும் உண்டு. நான் இங்கே முதன்மையாகப் பேசுவது சீலியாக் பற்றி, ஏனென்றால் குடலைச் சிதைப்பது அதுதான்.

காரணம் கோதுமை என்று கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-இல், நெதர்லாந்தில் பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினியில் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். பல ஆண்டுகளாக அவருக்கிருந்த சந்தேகம் உறுதிப்பட்டது. 1950-இல் அதை ஆய்வேடாகக் கொடுத்தார். அதுவரை இந்தக் குழந்தைகளின் நோய்க்கு என்ன காரணம் என்றே தெரியாமல்தான் உலகம் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது 'வடநாட்டு நோய்' என்ற வாதத்துக்கு வருகிறேன். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஓர் உண்மையான ஆய்வு. பி. எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா உள்ளிட்ட மருத்துவர்கள் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்து 2016-இல் வெளியிட்டது. ஆயிரம் பேரில் சீலியாக் நோயுள்ளவர்கள் வடக்கே 8.53, தெற்கே 0.11. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் வாதம் முடிந்துவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் அதே ஆய்வில் மற்ற எண்களும் இருக்கின்றன. இந்த நோய் வர அவசியமான மரபணு வகைகள் வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். ஏறக்குறைய சமம். அதாவது நம் உடம்பு வேறு உடம்பு அல்ல. வித்தியாசம் தட்டில் இருக்கிறது: ஒரு நாளில் வடக்கே சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம்.

"அதான் சொல்றோம், நாம கொஞ்சமாத்தான திங்கிறோம்" என்று இந்த இடத்தில் மறுபடி ஆரம்பிப்பார்கள். வடகிழக்கைப் பாருங்கள். அவர்களும் நம்மைப் போல அரிசிக்காரர்கள். நாளுக்கு 37 கிராம் கோதுமைதான். நம்முடையதைவிட ஒரு பிடி மாவு அதிகம், அவ்வளவே. மரபணு அங்கே 31.4 சதவீதம்தான், நம்மைவிடக் குறைவு. ஆனாலும் நோய் ஆயிரத்துக்கு 4.66. சோறு தின்கிறவர்களுக்கு இந்த நோய் வராது என்கிற நம்பிக்கை அந்த எண்ணில் உடைகிறது. கோதுமை அளவோடு வேறு ஏதோவும் சேர்ந்துதான் நோயைத் தீர்மானிக்கிறது. அந்த வேறு ஏதோ நம்மை என்றைக்கும் காக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

தெற்கின் குறைந்த விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 19,42,288. ஆயிரத்துக்கு 0.11 என்றால் இருநூறு பேருக்கு மேல். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தும் குடல் இன்னும் சிதையாதவர்கள் தெற்கே ஆயிரத்துக்கு 1.22 என்கிறது அதே ஆய்வு. அதைப் போட்டால் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. ஆய்வு வளர்ந்தவர்களிடம் நடந்தது, கணக்கு முன்பின் ஆகலாம். ஆனால் அந்த இருநூறு பேர் எங்கே? யார் அவர்களைத் தேடினார்கள்? சிவகாசியில், சாத்தூரில், வெம்பக்கோட்டையில் எத்தனை பேருக்குத் தங்கள் நோயின் பெயர் தெரியும்?

அபூர்வம் என்று சொல்லிவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். தேடாவிட்டால் அபூர்வமாகவே தோன்றிக்கொண்டிருக்கும். என் அக்கா மகளுக்கு நெடுநாள் இரும்புச் சத்து மாத்திரைதான் கொடுத்தார்கள். ரத்த அளவு ஏறவில்லை. மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவளைத்தான் திட்டினார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். கேஸ் டிரபிள் என்றார்கள், அல்சர் என்றார்கள். வயதான உறவுக்காரர்கள் சின்ன வயதில் வந்த சவலை இன்னும் போகவில்லை என்றார்கள். குடல் இரும்பை உறிஞ்சவில்லையோ என்று கேட்டது கடைசியில் பார்த்த மருத்துவர் ஒருவர்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் சீலியாக் அல்ல. ஆனால் இத்தனை பெரிய கூட்டத்துக்குள் சீலியாக் உள்ள பெண் ஒருத்தி ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம்! பட்டாசு ஆலைக்குப் போகிற பெண் களைத்து வந்தால் வேலைக் களைப்பு என்பார்கள். வெளுத்துப் போனால் சத்தில்லை என்பார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் ஏறாத சோகைக்கு, சீலியாக் எதிர்ப்பொருளைத் தேடும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

தென்னாட்டு மருத்துவர்கள் சீலியாக்கைத் தேடாத இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1960-களில் வேலூர் சிஎம்சியில் பேக்கர், மாத்தன் போன்றவர்கள் 'டிராபிகல் ஸ்ப்ரூ' என்ற குடல் நோயை ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது கூட்டம் கூட்டமாக வந்தது. அதிலும் குடலுறிஞ்சிகள் மழுங்கும், சத்து ஒட்டாது. ஆனால் கோதுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் தேறும். அது நிஜமான நோய், அந்த ஆய்வும் மகத்தானது. அந்த ஸ்ப்ரூ குறைந்துபோன பிறகும் தெற்கே சத்து ஒட்டாத குடலைப் பார்த்தால் கோதுமையை நினைக்காத வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சந்தேகம் வந்தவுடன் தானாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமையை நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். முடிவில் நோய் இல்லை என்று வரும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் கொடுத்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியில் குடல் திசுவும் எடுத்து, பிறகுதான் நிறுத்த வேண்டும்.

சரி, நாம் உண்மையிலேயே சோறு தின்கிறவர்கள்தானா? ராத்திரி எட்டு மணிக்கு விருதுநகர் கடைத்தெருவில் நின்று பாருங்கள். இந்த ஊரின் பெயரை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவைத்ததில் எண்ணெய்ப் புரோட்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு மூன்று புரோட்டாவிலேயே நூறு கிராம் மைதா உள்ளே போய்விடும். ஆய்வு சொன்ன 25 கிராம் தெற்கத்திச் சராசரியைப் போல நான்கு மடங்கு. சர்க்கரை நோய் என்று மருத்துவரிடம் போனவர்கள் ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. காலையில் ரவா உப்புமா, சாயங்காலம் டீக்கடையில் வர்க்கி, பன். அமெரிக்காவோடு 1956-இல் போட்ட பி.எல். 480 ஒப்பந்தத்தில் கப்பல் கப்பலாக வந்த கோதுமை, அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் ரேஷன் கடை வழியாக நம் அடுப்படிக்குள் வந்தது. அந்தத் தட்டுப்பாடு எவ்வளவு கசந்தது என்றால், 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு முன்னால் காமராஜரே தான் பிறந்த ஊரான விருதுநகரில் தோற்றார். அரிசி பிறகு வந்துவிட்டது. இன்று ரேஷனில் இலவசமாகவே கிடைக்கிறது. வந்த கோதுமை திரும்பிப் போகவில்லை.

பிள்ளைகளின் தட்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கன்வாடியில் ஆறு மாதக் குழந்தையிலிருந்து கொடுக்கும் சத்துமாவில் கோதுமை முக்கியமான சேர்மானம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பசியோடு பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குச் சூடாகச் சாப்பாடு போடுவதைவிடப் பெரிய காரியம் ஓர் அரசுக்கு இல்லை. 1956-இல் மதிய உணவு தொடங்கிய காமராஜர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் திட்டம் தொடங்கியபோது வெளியான பட்டியலைப் படியுங்கள்: ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவா உப்புமா, ரவா கிச்சடி, சேமியா கிச்சடி, ரவா பொங்கல். அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் சோளக் கிச்சடியும் நடுவில் வருகின்றன. அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை கோதுமைதான். அரிசி நாட்டின் அரசுப் பள்ளியில் ஏழைப் பிள்ளையின் முதல் கவளம் கோதுமை. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது நல்லதே. சீலியாக் உள்ள ஒரு பிள்ளைக்கு அது விஷம். 'நமக்கு வராத நோய்' என்று முடிவு கட்டியிருக்கும் ஊரில் அந்தப் பிள்ளை யாரென்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அப்படியே இருக்கட்டும், நோய் தெரிஞ்சவங்க இட்லி சாம்பார் சாப்பிட்டுட்டுப் போகலாமே" என்பது அடுத்த வாதம். மிகவும் நம்பத்தகுந்தது போலத் தெரிகிற வாதமும் இதுதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

சாம்பாரில் பெருங்காயம் போடுகிறோம். பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் வளர்கிற ஒரு செடியின் வேர்ப் பால். அது அப்படியே நம் கடைக்கு வருவதில்லை. அதன் நெடி தாங்க முடியாது, விலையும் தாங்காது. கருவேலம் பிசின் வகையோடும் மாவோடும் கலந்துதான் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. சந்தேகமிருந்தால் உங்கள் அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் இருக்கும் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், சட்டப்படி எழுதியே இருக்கிறது. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், புளியோதரை, தாளித்த மோர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஒரு வேளைக்கு இது சிறு அளவுதான். தினமும் மூன்று வேளையும் எல்லாப் பதார்த்தத்திலும் என்றால்?

எவ்வளவு சிறு அளவு கெடுக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இத்தாலியில் கடாசி என்பவரும் கூட இருந்தவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடத் தொடங்குவதைக் கண்டார்கள். ஒரு கிராம் மைதாவில் சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். ஆக அரைக் கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான மைதா போதும். விரல்நுனியில் ஒட்டுகிற அளவு. குளூட்டன் இல்லாதது என்று எழுதி விற்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதித்திருக்கிறது. "கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது", "பழகப் பழகச் சரியாயிரும்" என்று விருந்தில் இலையில் வைக்கிற அன்புக்கு இந்த எண்கள்தான் பதில். அந்த ஒரு வாய்க்காகப் பிள்ளையின் முகம் வாடுமே என்று நினைக்கிறார்கள். குடல் வாடுவது கண்ணுக்குத் தெரியாது.

ஹோட்டலுக்குப் போனால் தோசை கேட்கலாம் அல்லவா? நம் பக்கத்து ராத்திரிக் கடைகளில் ஒரே நீளக் கல்லில் ஒரு பக்கம் புரோட்டா, மறுபக்கம் தோசை. அதே தோசைக்கரண்டி, அதே எண்ணெய்த் துணி. மைதாவில் செய்த சமோசா வெந்த எண்ணெயில்தான் வடையும் வேகும். ரவா தோசையில் ரவையும் மைதாவும். சில்லி சிக்கன் மேலிருக்கும் மொறுமொறுப்பு மைதாவாக இருக்கலாம், சோயா சாஸில் கோதுமை இருக்கும். நான் பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். "கோதுமைதான ஆகாது? புரோட்டா மைதாவுலதான போடுறோம், தைரியமாச் சாப்பிடுங்க" என்று கல்லில் நிற்கிற அண்ணன் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மைதா, ரவை, சேமியா, மூன்றும் கோதுமையிலிருந்துதான் வருகின்றன என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மரவள்ளிக் கிழங்கு மாவுதான் மைதா என்று நினைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வடக்கே ஒரு ஹோட்டலில் கோதுமை எது என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே விளக்க வேண்டியிருக்கிறது. கோதுமை நம் உணவில்லை என்று நினைத்துக்கொண்டே தின்கிற ஊர் இது. சீலியாக் நோயாளிக்கு ஆபத்து கூடுவதும் அதனால்தான்.

வீட்டிலும் சமாதானமாக இருக்க முடியாது. கேப்பை, கம்பு, அரிசி, கோதுமை எல்லாம் ஊர் மாவு மில்லில் ஒரே இயந்திரத்தில் அரைபடுகின்றன. முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அடுத்து விழும் கேப்பை மாவில் அது வரும். நாங்கள் காலையில் மில் திறந்ததும் போய், முதலில் கொஞ்சம் பச்சரிசியை விட்டு ஓட்டி அந்த மாவை ஒதுக்கிவிட்டுத்தான் எங்களுடையதைப் போடச் சொல்வோம். அதுவும் முழுப் பாதுகாப்பில்லை என்று தோன்றியதால் இப்போது அவளுக்கு வேண்டியதை வீட்டு மிக்ஸியில் அரைக்கிறோம். கேழ்வரகு சேமியா என்று பாக்கெட்டில் பெரிய எழுத்தில் இருக்கும். பின்னால் சின்ன எழுத்தில் கோதுமை மாவு இருக்கும். சிறுதானிய நூடுல்ஸும் பெரும்பாலும் அப்படியே.

உடம்புக்கு முடியவில்லை என்றால் நாம் என்ன கொடுக்கிறோம்? ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிற சொந்தக்காரர் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட் பாக்கெட்டும் இருக்கும். ஹார்லிக்ஸில் கோதுமையும் முளைகட்டிய பார்லியும். வெயில் காலத்து நீர்க்கடுப்புக்கும், கர்ப்பிணியின் கால் வீக்கத்துக்கும் பார்லித் தண்ணீர். சீலியாக் நோயாளி இளைத்துப் போகப் போக இவற்றைத்தான் அதிகமாகக் கொடுப்போம். சர்ச்சில் நற்கருணை அப்பமும் கோதுமைதான். கத்தோலிக்கச் சபை குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை ஏற்கிறது, அறவே இல்லாததை ஏற்பதில்லை என்று 2017-இல் மறுபடி உறுதிசெய்தது. இரசத்தை மட்டும் பெற்றாலும் நற்கருணை முழுமை என்பது சபையின் போதனை. கேட்டால் பங்குத் தந்தை வழி சொல்வார். கேட்பதற்கு முதலில் அந்த நோய் இருக்கிறது என்று நம்ப வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுவதிலும் தீப்பெட்டி, பெட்டி ஒட்டும் வேலையிலும் மாவைக் காய்ச்சிய பசை புழங்குகிறது; மைதாவாகவும் இருக்கும், கிழங்கு மாவாகவும் இருக்கும். தோல் வழியாகக் குளூட்டன் உள்ளே போகாது. அதனால் சீலியாக் உள்ள பெண் அந்த வேலைக்குப் போகவே கூடாது என்று பயமுறுத்துவது தவறு. ஆனால் பசை காய்ந்த விரலோடு தூக்குவாளிச் சோற்றைப் பிசைந்தால் அது வாய்க்குள் போகும். அலுமினியப் பொடிக்கும் கந்தகத்துக்கும் பயந்து சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லும் ஆலையில் இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொண்டால் போதும். வீட்டில் ஒட்டுகிறவர்கள் பசைச் சட்டியைச் சமையல் பாத்திரங்களோடு சேர்க்காமல் வைக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற ஒரு கருத்தையும் விட முடியாது. 'குளூட்டன் ஃப்ரீ' என்பது பணக்காரர்களின் நாகரிகம், வெள்ளைக்காரன் கிளப்பிவிட்டது என்கிறார்கள். நோய் எதுவும் இல்லாமல் இளைப்பதற்காகக் கோதுமையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதனால் பயன் இருப்பதாக மருத்துவம் சொல்லவில்லை. ஆனால் அவர்களைக் காரணம் காட்டி நோயாளியைச் சந்தேகப்படுவது அநியாயம். அதே கூட்டத்தில் இன்னொரு சாரார், மைதாதான் கேடு, நாட்டுச் சம்பா கோதுமை ஒன்றும் செய்யாது என்று எழுதுகிறார்கள். சம்பா கோதுமையிலும் குளூட்டன் இருக்கிறது. வேகவைத்தாலோ, பொரித்தாலோ, ஒரு ராத்திரி புளிக்கவைத்தாலோ அது நோயாளிக்குப் பாதுகாப்பாகிவிடாது. இதை நம்பிக் கஞ்சி காய்ச்சிக் குடித்த ஒருவருக்குக் குடல் கெட்டால் எழுதியவர் வந்து பார்க்கப்போவதில்லை.

பணக்கார நோய் என்கிறவர்களுக்கு என் பதில் கரிசல் மண்ணில் இருக்கிறது. நகரத்துக் கடைகளில் குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட் என்று கொள்ளை விலைக்கு விற்பதை வாங்கினால்தான் உயிர்வாழலாம் என்ற அவசியம் இங்கே இல்லை. கம்பு, சோளம், குதிரைவாலி, சாமை, வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. குதிரைவாலி இன்றும் நம் மாவட்டத்தின் மானாவாரிப் பயிர். என் அக்கா வீட்டில் காலையில் கம்மங்கூழும் சின்ன வெங்காயமும். இட்லி இருந்தால் தேங்காய்ச் சட்னி, பூண்டுப் பொடி. மத்தியானம் சோறு, பூண்டும் மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்ட குழம்பு. பெருங்காயத்தை நிறுத்திய முதல் சில நாள் எல்லோருக்கும் ரசம் மொட்டையாகத் தெரிந்தது. பூண்டைத் தட்டிப் போட்டுப் பழகிய பிறகு யாரும் கேட்கவில்லை. ராத்திரி சோள தோசை, அல்லது குதிரைவாலிச் சோறும் தயிரும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிச் சுக்கா, பொரிகடலை போட்ட கோலா உருண்டை. எதுவும் பாக்கெட்டில் வரவில்லை.

தீபாவளித் தட்டையும் இப்படிப் பிரித்துவிடலாம். பாதுஷா, சோன்பப்டி, ஜிலேபி, மைதா பிஸ்கட் ஆகாது. உளுந்தில் சுற்றும் ஜாங்கிரி ஆகும், அரிசி மாவு அதிரசம் ஆகும், கடலை மாவு மைசூர்பாகு ஆகும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, அரிசியும் உளுந்தும் அரைத்துச் சுடும் சாத்தூர்க் கருப்பட்டி மிட்டாய், கடலை மாவுக் காராச்சேவு: நம் பக்கம் பெயர் வாங்கிய பண்டங்களில் பாதிக்கு மேல் கோதுமை இல்லாதவை. செய்கிற இடத்தில் அதே சட்டியில் மைதா வேகிறதா, பெருங்காயம் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்த நோயோடு வாழ்வதற்கு இந்தியாவிலேயே மிகச் செலவு குறைந்த இடமாக இந்தக் கரிசல்காடு இருக்க முடியும். இருக்க விடாமல் தடுப்பது வறுமையோ விளைச்சலோ அல்ல. வராத நோய்க்கு எதற்கு வழி செய்ய வேண்டும் என்று எல்லோரும் நினைப்பதுதான்.

"ஒருத்தருக்காக ஊரே மாறணுமா?" என்று கேட்பார்கள். யாரும் புரோட்டாவை நிறுத்த வேண்டாம். ஹோட்டலில் தோசைக்கென்று ஒரு தனிக் கல்லும் ஒரு தனிக் கரண்டியும் வைத்து, கேட்கிறவருக்கு உண்மையைச் சொன்னால் போதும். மில்காரர் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை, இயந்திரத்தைத் துடைத்துவிட்டு, அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் ஒதுக்கலாம். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாத்திரைக்கு ஏறாத சோகையோடும் வளராத உயரத்தோடும் அங்கே வருகிறவர்களுக்கு டிடிஜி பரிசோதனையை வழக்கமாக்கினால் இந்த மாவட்டத்தின் உண்மையான எண்ணிக்கை முதல்முறையாகத் தெரியவரும். காலை உணவுத் திட்டத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பட்டியலிலேயே அரிசி உணவும் இருக்கிறது. மருத்துவச் சான்று கொடுத்த பிள்ளைக்கு ரவை, சேமியா நாட்களில் அதைத் தனிப் பாத்திரத்தில், பெருங்காயமில்லாத சட்னியோடு, முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு மற்றதைக் கிளறலாம். அதைச் செய்யச் சமைக்கிற மகளிர் குழுவுக்கு ஒரு சுற்றறிக்கையும் ஒரு சின்னப் பாத்திரமும் வேண்டும்.